அறுக்கக் கூடாத தண்டு

என் கணவருக்கு எதையும் அறுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் துண்டு போட்டுப் பார்க்காமல் தர்பூசணி வாங்க மாட்டார். புதுத் தலையணையில் இருப்பது நல்ல பஞ்சுதானா என்று மூலையைப் பிரித்துப் பார்த்துவிட்டார், வீடெல்லாம் பஞ்சு. எங்கள் எஃகு பதப்படுத்தும் பட்டறையில் அவருக்கு வேலையும் அதுதான். உலையிலிருந்து தண்டுகள் வெளியே வந்ததும் ஒன்றை எடுத்து அறுப்புச் சக்கரத்தில் வைத்து அறுத்து, உள்ளே பதம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆட்கள் அவருக்கு ரம்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரோடு பேசிப் பார்த்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.

பட்டறை என் மாமியாருடையது. உலை என் பொறுப்பு. கப்பல் எந்திரம் செய்கிற ஒருவர் பெரிய ஆர்டரோடு வந்தார். தடித்தடியான தண்டுகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

"ஒண்ணக்கூட அறுக்கக் கூடாது. ஆனா உள்ள நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

என் கணவர் முகம் செத்துப்போனது. நான் மாமியாரை விடாமல் நச்சரித்து, அறுக்காமலே உள்பதம் சொல்கிற ஒரு பெட்டியை வாங்க வைத்தேன். பெட்டியோடு ஒரு வளையம் வரும். சிவக்கச் சிவக்க உலையை விட்டு வரும் எஃகைக் காந்தம் சட்டை செய்யாது. அது குளிர்ந்து, உள்ளே பதம் மாறும்போதுதான் காந்தத்துக்குப் பிடி கிடைக்கும். வளையத்துக்குள் தண்டைக் குளிரவைத்தால், அந்த மாற்றம் எப்போது நடக்கிறது என்பதைப் பெட்டி திரையில் கோடாக வரைந்துவிடும். நன்றாகச் சூடு இறங்கிய பிறகு கோடு ஏறினால் தண்டு கெட்டி. அவசரப்பட்டு முன்னாலேயே ஏறினால் சொத சொத.

"வாங்கித் தரேன். ஆனா அந்த எந்திரக்காரர் முன்னாடி இது சொதப்புச்சுன்னா நீ உலைப் பக்கமே போகக் கூடாது. முன் ரூம்ல உக்காந்து ஃபோன எடு" என்றார் மாமியார்.

எனக்கு அந்த உலை என்றால் உயிர். ஃபோன் என்றால் எட்டிக்காய்.

சோதனைக்கு எந்திரக்காரர் வந்து நின்றார். மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கணவர் வளையத்துக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்றைக்கும் இல்லாத அடக்கத்தோடு நின்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சிவந்த தண்டு வளையத்துக்குள் நுழைந்தது. தண்ணீர் பீச்சியடித்தது. கோடு தரையோடு தரையாகப் போனது. அப்படித்தான் போக வேண்டும். கணவர் திரையைப் பார்க்க வளையத்தை ஒட்டி எட்டிக் குனிந்தார். கோடு விருட்டென்று ஏறியது. தண்டு இன்னும் செக்கச்செவேல் என்று இருந்தது.

"சீக்கிரம் ஏறுதே" என்றார் எந்திரக்காரர்.

"ஃபோன் ரூம கூட்டி வைக்கச் சொல்றேன்" என்றார் மாமியார்.

ஆவி முகத்தில் அடிக்க, கணவர் பின்வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோடு இறங்கியது. நான் திரையையே முறைத்தேன். குளிரும்போது ஒரு தடவை மாறிய எஃகு, திரும்பச் சூடேற்றாமல் பழையபடி ஆகவே ஆகாது. இறங்குகிறது என்றால் அது தண்டின் வேலை இல்லை.

"என்னங்க, இன்னொரு தடவ குனிங்க."

குனிந்தார். கோடு ஏறியது.

"பின்னாடி போங்க."

இறங்கியது.

"திரும்பி நில்லுங்க."

திரும்ப மனசே இல்லாமல் திரும்பினார். சட்டைக்குள், இடுப்பில், ஒரு ரம்பம் செருகியிருந்தது. காந்தம் பிடித்தது அந்த இரும்பைத்தான்.

"இங்கயும் அறுக்க வந்தீங்களா?" என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அறுக்க இல்லம்மா. பெட்டி காலை வாரிடுச்சுன்னா நீ தோத்துடுவியேன்னுதான். கெட்டியான தண்டுல கைரம்பம் வழுக்கும், பல்லுதான் போகும். ஒரு இழுப்பு இழுத்துக் காட்டி உன்னக் காப்பாத்தலாம்னு பார்த்தேன்."

காப்பாற்ற வந்தவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். தண்டு அது பாட்டுக்குக் குளிர்ந்தது. வர வேண்டிய சூட்டுக்கு வந்த பிறகுதான் கோடு மெல்ல அசைந்து, பிறகு மளமளவென்று ஏறியது. இந்த முறை இறங்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

எந்திரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் நல்ல தண்ட வச்சு, நல்லா இருக்குன்னு சொல்ற பெட்டியத்தான் காட்டுவாங்க. ஒரு ஆளு இடுப்புல இருக்கிற ரம்பத்தையே இது விடலையே. தண்டுல தப்பு இருந்தா விட்டுடுமா? எல்லாத்தையும் இங்கயே போடுங்க. ஆனா ஒரு நிபந்தனை. அவர் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"தெருமுனைய தாண்டியே வர மாட்டான்" என்று பெற்ற தாய் வாக்குக் கொடுத்தார்.

வெளியே போய்க் கணவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனிதர் முகம் மலர்ந்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பார்த்தியா? நான் மட்டும் சொன்னபடி சும்மா வந்து நின்னிருந்தா, இந்த ஆர்டர் கெடச்சிருக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். கிடைத்திருக்காது. அவர் இடுப்பிலிருந்து ரம்பத்தை மட்டும் உருவிக்கொண்டு உலைக்குத் திரும்பினேன்.