ஏழாவது பந்தல்

ஆறாவது பாட்டை முடித்துவிட்டு நான் சுருதிப் பெட்டியை மூடினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் துளசிங்கம் எழுந்து, ஏழாவது பந்தலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே இதுவரை யாரும் உட்கார்ந்ததே இல்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் நகர்ப் பொங்கல் விழாவில் பத்தொன்பது வருஷமாக இந்த நாடகம் போடுகிறோம். நந்திவர்மப் பல்லவ ராஜா அவர்தான், பாடுவது நான். ராஜாவைச் சண்டையில் ஜெயிக்க முடியாத தம்பி, பாட்டுக்குள்ளே சாவை வைத்து எழுதிவிடுகிறான். கடைசிப் பாட்டைக் கேட்டு முடித்தால் ராஜாவின் உயிர் போய்விடும். அது தெரிந்தும் தமிழ் மேல் இருக்கிற ஆசையில் பந்தல் பந்தலாக உட்கார்ந்து கேட்கிறார் அவர். எழுந்ததும் அந்தப் பந்தல் எரிந்துபோகும். கதையில் நூறு பந்தல். எங்களுக்குத் தெர்மாகோலில் ஏழு. கடைசிப் பாட்டை மட்டும் பாடிவிடாதீர்கள், பலித்துவிடும் என்று நாடகம் எழுதிக்கொடுத்த வாத்தியார் சொல்லிவிட்டுப் போனார். அதனால் ஆறோடு மங்களம் பாடிச் சுண்டல் கொடுத்துவிடுவோம்.

நகர்ச் சங்கத்துச் செயலாளர் எப்சி டீச்சர் வருஷா வருஷம் வம்புக்கு இழுப்பாள். "அக்கா, உங்க ராஜா எப்பதான் சாவாரு? எல்லா வருஷமும் சுண்டல் சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போயிடறாரே!" நானும் சிரிப்பேன்.

இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து நான் அவரை மாடிப்படி ஏற விடவில்லை, திருநீர்மலைக் கோயிலுக்கு அனுப்பவில்லை, ஊறுகாயைக் கண்ணில் காட்டவில்லை. ஆறு பாட்டோடு எழுந்து வந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிரீடத்தையே எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னா பண்றீங்க? எந்திரிங்க."

"பாடு, செல்லி."

"சத்தியம் பண்ணீங்களே!"

"தலைய ஆட்னேன். வாயத் தொறந்தனா?" மீசைக்குள் சிரித்தார். "மூணு மாசமா என்னிய ஊறுகா ஜாடி மாரி மூடி வச்சிகினு கீற. இங்க நான் ராஜா. முழுசா கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."

மைக் அணைக்கவில்லை. நகர் முழுக்கக் கேட்டுக் கொல்லென்று சிரித்தது. எப்சி மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் எழுந்து நின்று, "வேணாங்க்கா, மங்களம் பாடிடுங்க" என்றாள்.

அந்தப் பாட்டுத் தாள் பெட்டிக்கு அடியிலேயே கிடக்கிறது. வாய்விட்டுப் பாடியதில்லை என்றாலும் எனக்கு மனப்பாடம். அவரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த முகம் இல்லை அது. முதுகு நேராக நின்றது. நான் பாடாவிட்டால் எழுந்து வந்துவிடுவார், சந்தேகமில்லை. ஆனால் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நோயாளியாகத்தான் வருவார்.

பெட்டியைத் திறந்தேன்.

"கண்ண மூடாதீங்க. என்னையே பாத்துகினு கேளுங்க."

உச்சத்தில் எடுத்தேன். பின்னால் சிவப்பு விளக்குப் போட்டார்கள். கடைசி வரிக்கு வந்ததும் ராஜா கண்ணை மூடிக்கொண்டார். கிரீடம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜரிகை வேட்டிக்குக் கீழே தெரிந்த கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி எழுத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இன்னும் மூச்சு இருந்தது.