உர்கெனின் மூச்செழுத்து

நேபாளத்து ஹெலம்பு மலையில், சேர்தாங் ஊரில், குளிர்காலத்தில் உர்கென் பேசினால் வாயிலிருந்து வரும் ஆவி எழுத்தாக நின்றது. அவன் ஊர்மொழியான யோல்மோவில் சொன்னது எதுவோ அதுவே எழுதப்பட்டது. ஒரு சொல் கூடுவதில்லை, குறைவதில்லை. ஊரார் அதற்காக வேலையை நிறுத்தவில்லை. எந்த எழுத்து என்பதில்தான் சந்தேகம் கிளம்பியது.

பள்ளியில் யோல்மோ பாடம் தொடங்கவிருந்த ஆண்டு அது. புத்தகம் மடத்துத் திபெத்திய எழுத்தில் வேண்டும் என்றது ஜாம்யாங் லாமாவின் பக்கம். நேபாளி மொழி எழுதிப் பழகிய தேவநாகரியே போதும் என்றது சோனாம் மாஸ்டரின் பக்கம். உர்கெனின் ஆவியோ லாமா எதிரே நின்றால் திபெத்தியமாகவும் மாஸ்டர் எதிரே நின்றால் தேவநாகரியாகவும் வந்தது.

"ஆள் பாத்துப் பேசுறவன் உண்டு. ஆள் பாத்து மூச்சு விடுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றார் லாமா.

"மடத்துல எத்தனை குடம் கள்ளு ஊத்துனாங்கடா உனக்கு?" என்றார் மாஸ்டர்.

தை மாதம் அவன் தாய் மேந்தோ இறந்தாள். கருமாதியில் ஊரே கூடி 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மணி மந்திரம் சொன்னால்தான் உயிருக்கு அடுத்த பிறவிக்கு வழி தெரியும். எதிர்ப்பக்கம் வந்தால் வரமாட்டோம் என்றன இரண்டு பக்கமும்.

"அம்மா இந்த வீட்டையே சுத்திக்கிட்டுக் கெடப்பாளேடி" என்று உர்கென் அழுதான்.

"வருவாங்க. நீ வாய மூடிக்கிட்டு இரு" என்றாள் மனைவி சாங்மோ.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பேச்சு முளைத்தது. கருமாதி முடிவில் இறந்தவருக்கான பெயர்த்தாளை எரிக்கும்போது மகன் தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அப்போது வரும் எழுத்தே மேந்தோவின் விருப்பமாம். அதை எதிர்ப்பக்கம் தனியாகப் பார்த்துவிடக் கூடாதென்று லாமாவும் வந்தார், மாஸ்டரும் வந்தார், ஊரில் யாரும் மிச்சமில்லை. கண்கள் உர்கெனின் வாயை விட்டு நகரவில்லை. உதடுகள் மட்டும் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. சாங்மோ மூன்று ஆள் சுமக்கும் விறகை ஒரே தீயில் அடுக்கியிருந்தாள். பெயர்த்தாள் எரிந்தது. "அம்மா, மேந்தோ!" என்று உர்கென் கூப்பிட்டான். அந்த அனலில் ஆவி தெரியவே இல்லை.

தங்கள் எழுத்தைத்தான் கண்டோம் என்று இரண்டு பக்கமும் சத்தியம் செய்தன. விறகை யார் அடுக்கச் சொன்னது என்று இன்றும் விசாரிக்கிறார்கள். மேந்தோ வீட்டைச் சுற்றத் திரும்பி வரவில்லை. குளிர் இறங்கியதும் உர்கெனோடு பேசுகிறவர்கள் சற்று ஒதுங்கி நிற்கிறார்கள், எழுத்து முகத்தில் பட்டால் சில்லென்று இருக்கும் என்பதால்.