வண்டி எங்கே வருது?

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற எனக்கு இரண்டு சட்டம். பெற்றோர் போன் செய்தால் உடனே எடுக்க வேண்டும், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது, அதுவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. இரண்டையும் ஒரே தாளில் அடித்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் தலைமையாசிரியை. படித்துப் பார்த்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

நான் இரண்டையும் மதித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. போன் அடித்தால் இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகுதான் எடுப்பேன். "அண்ணே, வண்டி எங்க வருது?" இவ்வளவுதான் கேள்வி. பதில் சொல்லிவிட்டு மறுபடி சாலையில் நுழைய இடம் கிடைப்பதற்குள் அடுத்த வீட்டில் பொறுமை போய்விடும். நின்றதால் தாமதம், தாமதமானதால் போன், போன் வந்ததால் மறுபடி நிற்பது. பதினான்கு பிள்ளைகள், பதினான்கு வீடு. மண்டை காயுமா, காயாதா?

அதிலும் முதலில் ஏறுகிற சின்னப் பெண்ணின் அம்மா இருக்கிறாரே! வேன் வரும் முன் இரண்டு போன், பிள்ளை ஏறிய பிறகு "சேர்ந்தாச்சா?" என்று மூன்று போன். உயிரை வாங்கிவிடுவார்.

"ஸ்பீக்கர்ல போட்டு ஓட்டிக்கிட்டே பேச வேண்டியதுதானே அண்ணே?" என்றார் ஒரு நாள்.

"கண்ணு ரோட்டுல இருக்கும்மா, புத்தி உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும்."

"அதெல்லாம் பழக்கம்தான். நான் கார் ஓட்டலையா?"

போன வாரம் எல்லா வீட்டாரும் சேர்ந்து மனு எழுதிவிட்டார்கள், வேன் தினமும் தாமதம் என்று. முதல் கையெழுத்து அந்தம்மாவுடையது. "இன்னும் ஒரு நாள் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்," என்றார் தலைமையாசிரியை. காரணத்தைச் சொன்னேன். "போனும் எடுக்கணும், நேரத்துக்கும் வரணும்," என்றார். இந்த வயதில் எனக்கு எவன் புதிதாக வேலை கொடுப்பான்? ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை போனை டிபன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.

அது பாட்டுக்கு அடித்தது. பின்னால் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "மாமா, பதினேழு!" என்று ஒரே கும்மாளம். நான் எங்கேயும் நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பள்ளிக்கூட வளாகத்துக்குள் வேனை நிறுத்திவிட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகள் இறங்கினார்கள். பைக்குள் மறுபடியும் அடித்தது. இப்போதுதான் வண்டி நிற்கிறதே, எடுத்தேன்.

"ஏண்ணே, எத்தனை தடவை அடிக்கிறது! ஏதோ ஆயிடுச்சுன்னு பதறிப்போய் நானே கிளம்பி வந்துட்டேன். எம்பொண்ணு எங்க?"

அப்போதுதான் ஒரு கார் வேகமாகப் பள்ளி கேட்டுக்குள் திரும்பி வேனை நோக்கி வந்தது. ஓட்டுகிறவரின் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை காதில். அந்தச் சின்னப் பெண் உருண்டோடிய தண்ணீர் பாட்டிலை எடுக்க வேனுக்கு முன்னால் குனிந்திருந்தாள்.

"உங்க காருக்கு முன்னாடி! பிரேக்கைப் போடுங்கம்மா!" என்று அலறினேன்.

டயர் கிறீச்சிட்டது. காருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட வேண்டும் என்றுதான் காரை நோக்கிப் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

பிள்ளை பாட்டிலை எடுத்துக்கொண்டு கார் ஜன்னலருகே வந்தாள். அம்மா வந்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அம்மா, யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

போனைக் காதிலிருந்து எடுக்க அந்தம்மாவுக்குக் கை வரவில்லை. அவருக்கு மூச்சு வாங்குவது என் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்தான் துண்டித்தேன்.