கைப்பிடி அரிசியும் கசியும் கூரையும்

நமுனுகுலை மலைமுகட்டைக் கதிரவன் தொட்டும் தொடாமலும் நிற்க, இரவெல்லாம் பள்ளத்தாக்கிலே படுத்துக்கிடந்த மூடுபனி சோம்பல் முறித்தெழுந்து தேயிலைச் சரிவுகளில் மெல்ல ஏறிச்செல்ல, கீழே விகாரையின் வெண்மாடமும் கோயிலின் கோபுரமும் பள்ளிவாசலின் தூபியும் தேவாலயத்தின் சிலுவையும் ஒன்றன்பின் ஒன்றாய் ஒளிபெற்றுத் துலங்க, சந்தையிலே கிழங்கும் கீரையும் இறக்குவோர் குரலும் வெள்ளுடை தரித்துப் பள்ளி செல்லும் சிறார் குரலும் ஒன்றோடொன்று கலந்தொலிக்க, பதுளை மாநகர் ஐப்பசித் திங்களின் ஒரு காலைப்பொழுதுக்குள் நுழைந்தது. கற்றறிந்த அன்பரே, கொழும்பிலிருந்து மலைகளைச் சுற்றியும் குடைந்தும் ஏறிவரும் இருப்புப்பாதை இந்நகரோடு முடிந்துவிடுகிறது. ஆதலால் இங்கே வந்திறங்குவோர் பதுளைக்கென்றே வந்தவர்கள்.

அன்று தொடர்வண்டியினின்று இறங்கியவர்களுள் சின்னராசா என்னும் இளைஞனும் ஒருவன். சிங்கப்பூர் எனப்படும் சிங்கை நகரிலே பிறந்து, மாடமாளிகைகளின் நடுவே வளர்ந்து, அங்குள்ள திருச்சபையொன்றால் அருட்பணிக்கென அனுப்பப்பட்டவன். அயல்நகரைக் கண்ட முதற்பார்வையைக் கைப்பேசியிற் படமாக்கிக் கொண்டுவந்தால், சபையார் அதைக் கண்டு மனமிரங்கி ஆவன செய்வர் என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. அவன் கெட்டவன் அல்லன். மூட்டை நிறைய இரக்கத்தைச் சுமந்துவந்து, அதை இறக்கிவைக்க இடம் தேடியவன், அவ்வளவே. சந்தையில் மலையாய்க் குவிந்த காய்கறிகள் அவன் படத்தில் இடம்பெறவில்லை. பள்ளிச் சிறாரின் சிரிப்பும் இடம்பெறவில்லை. நகரம் முழுதும் கண்முன் விரிந்துகிடக்க, கிழிந்த படங்குத் துணி போர்த்திய கடையொன்றைத் தேடிப்பிடித்து, அதன் முன்னே நின்று, "இருளில் இருக்கும் நகருக்கு வந்திருக்கிறேன்" என்று தன் கைப்பேசியிடம் சொன்னான். அவ்வேளை வெயில் அவன் கண்ணைக் கூசச்செய்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை, உபதேசியார் யேசுரத்தினம் அவனை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, நகருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் செபக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே, சவுக்கு மரங்களின் நடுவே நின்ற அச்சிறு கூடத்தின் கூரைத் தகரம் துருவேறித் துளைபட்டு, மழைக்கு வழிவிட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. அச்சபையின் மூப்பராயிருந்தவள் அகஸ்டினா. கிழமையெல்லாம் கொழுந்து பறித்துக் காய்த்த கைகளும், யாருக்கும் தாழாத பார்வையும் உடையவள். அவள் மகள் ஜெசிந்தினிக்கும் கொஸ்லந்தை ஊரைச் சேர்ந்த சஜீவனுக்கும் அம்மாத இறுதியிலே, அதே கூடத்திலே, திருமணம் என்று உறுதியாகியிருந்தது. மகள் மணக்கோலத்தில் நனையக்கூடாதே என்பதுதான் அந்நாட்களில் அகஸ்டினாவின் ஒரே வேண்டுதல்.

அச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலையேற்றும்போதெல்லாம், அரிசி களையுமுன், ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவைப்பர். ஞாயிறு தோறும் அக்கைப்பிடி அரிசியைச் சிறு பைகளில் கொணர்ந்து, வரிசையாய் வந்து, பீடத்தடியில் உள்ள கூடையிற் கொட்டுவர். நோயுற்ற வீட்டுக்கோ, சாவு விழுந்த வீட்டுக்கோ, வழிச்செல்லும் விருந்தினருக்கோ அவ்வரிசி போய்ச்சேரும். வேற்றுச் சமயத்தாராயினும் பக்கத்து லயத்து மாரியாயி போன்றோரும் தம் பிடியை அனுப்பத் தவறுவதில்லை. அக்கிழமை சேரும் அரிசி யாருக்கென்று சபை முன்னரே முடிவுசெய்திருந்தது: கடல் கடந்து ஊழியத்துக்கு வந்த தம்பிக்கு.

வாயிலில் நின்ற சின்னராசா கண்டது அவ்வரிசையின் முதுகை மட்டுமே. கையில் வெறும்பைபோல் தொங்கும் சிறு துணிப்பைகள், பொறுமையாய் நகரும் கால்கள், முன்னே ஒரு கூடை. இவற்றை அள்ளிப் படமாக்கிக்கொண்டவன், ஒருவரிடம் ஒரு சொல்லும் கேளாமல், சவுக்கு மரத்தடிக்கு விரைந்துசென்று, தழுதழுத்த குரலில் தன் உரையையும் சேர்த்துப் பதிந்தான். அவன் திரும்பிவந்தபோது கூடை நிறைந்திருந்தது. வரிசை கலைந்து, மக்கள் பாடத் தொடங்கியிருந்தனர்.

வழிபாடு முடிந்ததும் அவன் அகஸ்டினாவை அணுகி, "அம்மா, இப்படத்தை எம் சபையார் கண்டால் உங்கள் கூரை இம்மாதமே புதிதாகும். இறுதியில் நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும். 'நாங்கள் பசித்திருந்தோம், நீங்கள் வந்தீர்கள்' என்று" எனக் கூறி, கைப்பேசியை அவள் முன் நீட்டினான். படம் ஓடிற்று. வரிசை தோன்றிற்று. சின்னராசாவின் குரல் அதன்மேல் ஒலித்தது: "ஒரு பிடி அரிசிக்காகக் காத்து நிற்கும் இம்மக்களைப் பாருங்கள்."

அகஸ்டினாவின் முகம் சிவந்தது. எனினும் அவள் குரல் உயரவில்லை.

"தம்பி, அவங்க அரிசி வாங்க நிக்கலைங்க. போட நிக்கிறாங்க."

அவன் திகைத்தான். உபதேசியார் வழக்கத்தை விளக்கிச் சொல்ல, அவன் முகத்தில் நாணம் படர்ந்தது. அன்பரே, அவ்வளவோடு அவன் நிறுத்தியிருப்பின் இக்கதைக்கே இடமில்லை. ஆனால் நல்லெண்ணம் உடையவர்க்கே உரிய பிடிவாதம் ஒன்று உண்டு. அது தன் பிழையையும் நன்மையின் கணக்கிலே எழுதிக்கொள்ளும்.

"பிழைதான் அம்மா. ஆயினும் காண்போர் இரங்குவது இக்காட்சிக்காகத்தான். உள்ளதை உள்ளபடி சொன்னால் யார் இரங்குவார்? நோக்கம் நல்லதாயின் இச்சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாகாதா? உங்களுக்குக் கூரை வேண்டாமா?"

உபதேசியார் கைகளைப் பிசைந்தார். "அகஸ்டினாக்கா, ஒரு வார்த்தைதானே. கல்யாணம் வேற நெருங்கிருச்சு. மழை எப்புடி ஊத்துதுன்னு நீங்களே பாக்குறீங்க."

அவர் சொன்னது பொய்யன்று. அக்கணமே தொலைவில் இடி உருண்டது. அகஸ்டினா மேலே நோக்கினாள். தகரத்தின் துளைகள் வழியே தெரிந்த வானம் கறுத்திருந்தது. மகளுக்கென வாங்கி மடித்துவைத்த வெண்புடவை அவள் கண்ணில் நின்றது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் அப்புடவை நனையாது. சொல்லவேண்டியதும் ஒரே ஒரு சொல்தான். அவள் சின்னராசாவிடம் திரும்பினாள்.

"கூரை வேணுந்தாங்க. வேணாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா? எங்களுக்குக் கஷ்டம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். சம்பளம் பத்தல, லயம் இடிஞ்சு கெடக்கு, அதெல்லாம் படம் புடிங்க, நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். அது நெசம். ஆனா கொடுக்குற கையப் படம் புடிச்சு, கையேந்துற கைன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். இருநூறு வருசமா எங்களப் பத்தி ஊர்ல உள்ள எல்லாரும் பேசியாச்சு. பிச்சக்காரங்கன்னு நாங்களே எங்க வாயால சொன்னதில்லீங்க."

வாயிற்படியில் சாய்ந்து நின்ற மாரியாயி, "எங்க வீட்டு அரிசியும் அந்தக் கூடையில இருக்கு தம்பி. என்னைய எதுல சேத்தீங்க?" என்றாள். சபையில் சிலர் சிரித்தனர். சின்னராசா சிரிக்கவில்லை.

உபதேசியாரின் பார்வை ஜெசிந்தினியிடம் சென்றது. நனையப்போகிறவள் அவள்தான், அவள் கலங்கினால் தாய் மனம் மாறக்கூடும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அவளோ கூடையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி உள்ளே இட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "நான் நனைஞ்சிட்டே தாலி கட்டிக்கிறேம்மா. காய வச்சா காஞ்சுரும்."

சின்னராசா கைப்பேசியை அணைத்துப் பைக்குள் இட்டான். புறப்படும் வேளையில் அகஸ்டினா ஒரு பையைத் தூக்கிவந்து அவன் கையில் வைத்தாள். கை சற்றே தாழ்ந்தது.

"இந்த வாரத்து அரிசி. உங்களுக்குன்னு முன்னாடியே பேசி முடிச்சது. கோவம் வந்துச்சுன்னு அத மாத்துறது எங்க வழக்கம் இல்லீங்க. வழியில பொங்கிச் சாப்புடுங்க."

"எனக்கா?" என்றான் அவன். அவன் வாங்கப் பழகியவன் அல்லன்; பையை எப்படிப் பிடிப்பதென்றே அவனுக்கு விளங்கவில்லை. ஈற்றில் இருகைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கினான். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

அவன் தன் நகர் மீண்டு சபையாரிடம் என்ன காட்டினான், என்ன உரைத்தான் என்பதை யாம் அறியோம். தோட்டத்தாரும் எவரிடமும் கேட்டதில்லை. கூரை மட்டும் வரவில்லை. மாத இறுதியில், வானம் பிளந்ததுபோல் மழை கொட்டிய ஒரு நண்பகலில், நகரினின்று வந்த குருவானவர் முன்னிலையில் ஜெசிந்தினிக்குச் சஜீவன் தாலி கட்டினான். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பிற் கட்டும் படங்குகளையெல்லாம் பெண்கள் அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்து, பீடத்துக்கு மேலே விரித்துக் கட்டியிருந்தனர். அப்படியும் ஒரு முடிச்சு நெகிழ்ந்து, மணமகளின் தோளொன்று நனைந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பாட்டு மழையைவிட உரக்க எழுந்தது. அகஸ்டினா அழுதாள், அழுதுகொண்டே எல்லாரையும்விட உரக்கப் பாடினாள்.

அன்பரே, வறுமையை ஒளிக்க வேண்டுவதில்லை. அது வறியவர் செய்த குற்றமன்று. ஆனால் ஒருவருடைய ஈகையைப் பறித்துக்கொண்டு அவருக்கு இரக்கத்தைக் கொடுப்பது கொடையாகாது. அச்செபக்கூடத்தின் கூரை இன்றும் கசிகிறது. ஒழுகும் இடங்களில் எல்லாம் பாத்திரங்கள் வைத்திருக்கிறார்கள். அரிசிக் கூடையை மட்டும், ஒரு துளியும் எட்டாத மூலையில், நனையாமல் வைத்திருக்கிறார்கள்.