இரண்டு சக்கரமும் சுற்ற வேண்டும்

“வண்டியில மீன ஏத்துங்க.”

இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று மீனவர் சங்கத் தலைவர் வில்பிரட் காலையிலேயே ஆக்னஸிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். மதுரையிலிருந்து வண்டி விற்க வந்தவர் கோபித்துக்கொள்வாராம். இப்போது திரேஸ்புரம் கரையில், ஊரே பார்க்க, அவள் கேட்டேவிட்டாள்.

ஏஜெண்டு செல்லப்பாண்டியின் முகம் சுருங்கியது. “புது வண்டிம்மா. கவிச்சி ஏறினா போகாது.”

“மீன் ஏத்தாம? பின்ன மாப்பிள்ள அழைக்கவா வாங்குதோம்?” என்றாள் கூடை சுமக்கும் பிலோமினா. கரை சிரித்தது.

சங்கத்தின் பழைய ஜீப்பு மணலில் இறங்கினால் பின்சக்கரத்தில் ஒன்று மட்டும் கிறுகிறுவென்று சுற்றும். மற்றது செத்ததுபோல நிற்கும். போன மாதம் அப்படிப் புதைந்து, ஒரு வண்டிச் சாளை மீன் வெயிலில் அழுகியது. வண்டி நின்றால் சுமப்பது பெண்கள். ஆக்னஸின் அம்மா பேபி இருபத்தைந்து வருஷம் சுமந்துதான் மகளை பி.எஸ்சி. படிக்க வைத்தாள். அவள் கழுத்து இப்போது ஒரு பக்கம் திரும்பாது. தெருவின் முதல் பட்டதாரியைச் சங்கச் செயலாளர் ஆக்கியவர்கள், எழுதச் சொன்னதை எழுதிக்கொண்டு கிடப்பாள் என்று நம்பிவிட்டார்கள்.

இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் டிப்ரன்சியல் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. கம்பெனியே பூட்டு வைத்து அனுப்பும் புது வண்டியா, பழைய ஜீப்பிலேயே தனிப்பூட்டு பொருத்துவதா என்பதுதான் சண்டை. கப்பலில் இஞ்சின் வேலை பார்த்துத் திரும்பிய இனிகோ, வெளிநாட்டில் வாங்கிய பூட்டு ஒன்றைச் சோதனைக்காக ஜீப்பில் மாட்டியிருந்தான். வில்பிரட் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“கம்பெனி போட்டது கம்பெனி போட்டதுதாம்ளா. இவன் போட்டது ஒட்டு.”

நேற்று ஞாயிற்றுக்கிழமை. யாரும் கடலுக்குப் போகாததால் கரை காலி. பூசை முடிந்து வந்த கூட்டத்தின் முன், அலை நனைத்து இறுகிய மணலில் செல்லப்பாண்டி வெறும் வண்டியைப் பறக்கவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எந்த ஏஜெண்டு வந்தாலும் இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டிக் காட்டுவான். இவர்களும் கைதட்டி வாங்கிவிடுவார்கள். பழைய ஜீப்பு வந்ததும் அப்படித்தான். செயலாளர் கையெழுத்து திங்கட்கிழமைதான் என்று ஆக்னஸ் சொல்லிவிட்டதால் மனுஷன் தங்க வேண்டியதாயிற்று.

இன்று புது வண்டியில் பன்னிரண்டு கூடை மீன் ஏறியது. மேட்டு மணல் உச்சி வெயிலில் மாவாக உதிர்ந்து கிடந்தது. பாதி ஏறியதும் சக்கரம் வெறுமனே சுற்றியது. செல்லப்பாண்டி அப்போதுதான் பூட்டுக் கம்பியை இழுத்தார். பூட்டு விழவில்லை. மறுபடி இழுத்து விழுந்தபோது வண்டி அச்சு வரைக்கும் மணலில் உட்கார்ந்திருந்தது.

“மணல்ல இறங்குமுன்னாடியே போட்டிருக்கணும். புஸ்தகத்துல சொல்லியிருக்கு,” என்றார்.

“நானும் வாசிச்சேன். விக்க வந்த ஒங்களுக்கே மறந்துபோச்சு. நாளைக்கு இருவது நட அடிக்க எங்க டிரைவர் ரோச்சுக்கு நெனப்பு இருக்குமா?” என்றாள் ஆக்னஸ்.

அதே கூடைகள் ஜீப்புக்கு மாறின. ரோச் ஏறி உட்கார்ந்து மிதித்தான், அவ்வளவுதான். இனிகோவின் பூட்டு தானாகவே விழுவது; இழுக்கக் கம்பி எதுவும் இல்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து மணலைக் கடித்தன. ஜீப்பு முனகிக்கொண்டே மேடேறி ரோட்டைத் தொட்டது. பெண்கள் போட்ட கூச்சலில் காக்கைக் கூட்டம் கிளம்பிப் பறந்தது.

“திரும்புறப்ப டக்டக்குன்னு அடிக்கும்மா. மழை ரோட்டுல ஒரு பக்கம் இழுக்கும்,” என்றார் செல்லப்பாண்டி. பொய் இல்லை.

“இழுக்கட்டும், மெதுவாப் போவோம். ஐஸ் கம்பெனிக்கு ரோடு அரை மைலு. மணல்தான் எங்களுக்கு எமன். கெட்டா இனிகோ இங்கன வச்சே பிரிச்சுருவான். ஒங்களுதுக்கு மதுரையில இருந்து ஆளு வரணும்.”

சங்க அலுவலகத்தில் வில்பிரட் தீர்மானத் தாளை ஆக்னஸ் பக்கம் தள்ளினார். “ஏளா, நான் அவருக்கு வாக்கு குடுத்துட்டேன். எம் மூஞ்சிக்காகக் கையெழுத்துப் போடு.”

“ஒங்க மூஞ்சி மீன் சுமக்குமா அண்ணாச்சி?”

புது வண்டி என்ற வரியைக் குறுக்கே அடித்தாள். ‘பழைய ஜீப்பு போதும். இனிகோவின் பூட்டை வாங்கத் தீர்மானம்’ என்று எழுதி, பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி.யையும் போட்டுக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

“இரு, பேசுவோம்,” என்று வில்பிரட் எழுவதற்குள் அவள் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கியிருந்தாள்.