கறுப்புக்காய்க்காரர்

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் சதக்கத்துல்லா கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டார். கீழக்கரை மாப்பிள்ளைகள் பாதிப்பேர் செய்வதுதான். போவதற்கு முன் ஒரு மழை நாளில், வேறு வேலை இல்லாததால், செஸ் காய்கள் எப்படி நகரும் என்று மனைவி சாலிஹாவுக்குக் காட்டினார். ஒரே ஒரு ஆட்டம் ஆடினார்கள். அதில் அவர் தன் ராணியைத் தூக்கி அவள் காய்களுக்கு நடுவில் வைத்துவிட்டுச் சிரித்தார். சாலிஹா அதை வெட்டினாள், வெட்டியும் தோற்றாள். அந்தத் துணிச்சலில்தான் பெண் மயங்கிப்போனாள்.

அது ஐம்பத்திரண்டாம் வருடம். பிறகு விசா, பர்மிட் என்று கெடுபிடி இறுகி, இந்தா வருகிறேன் அந்தா வருகிறேன் என்றே நான்கு வருடம் ஓடியது.

அஸர் தொழுகை முடிந்ததும் சாலிஹா பலகையை விரிப்பாள். வெள்ளை அவளுக்கு, கறுப்பு ஊரில் இல்லாத அவருக்கு; இரண்டையும் அவளே நகர்த்துவாள். சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை. முடிந்த ஆட்டத்தைத் திரும்ப அடுக்கி, எந்த இடத்தில் புத்தி மழுங்கியது என்று தேடுவாள். அப்படியேதான் ஆட்டம் பிடிபட்டது. தன் பக்கம் உட்கார்ந்தால் மகா கஞ்சத்தனம். பின்னால் துணை இல்லாமல் ஒரு சிப்பாயைக்கூட அனுப்பமாட்டாள். எழுந்து எதிர்ப்பக்கம் போனால் ஆளே மாறிவிடும். குதிரையைக் கொடுத்து யானைக்கு வழி திறப்பாள், ராணியை அலட்சியமாகத் தூக்கிப் போடுவாள். அவர் அப்படித்தானே ஆடுவார். கள்ளாட்டம் ஒரு நாளும் கிடையாது. பெரும்பாலும் அவர்தான் ஜெயித்தார். தோற்ற அன்று அவளுக்குச் சோறு ருசித்தது.

"யாருகூடடி பேசிக்கிட்டு இருக்க?" என்று அடுப்படியிலிருந்து உம்மா ரம்ஜான் பீவி கேட்பாள்.

"யாருகூடயும் இல்ல உம்மா."

பொய்தான். அவர் குரல் மறந்துபோய்விடுமோ என்று சாலிஹாவுக்குப் பயமாக இருந்தது. அதனால் அவர் ஆடும்போது அவர் பேச்சையும் அவளே பேசினாள்.

ஐம்பத்தாறில் வந்தார். விருந்துகள் ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவளே பலகையை எடுத்து வைத்தாள். இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் இத்தனை நாளும் காத்துக்கிடந்தாள்.

அவர் ஒரு சிப்பாயை நகர்த்தினார், யோசித்து இன்னொன்றை நகர்த்தினார். குதிரைக்குக் குதிரை, யானைக்கு யானை என்று கிடைத்ததையெல்லாம் மாற்றித் தீர்த்துவிட்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டார். ராணியை ராஜா பக்கத்திலிருந்து அசைக்கவே இல்லை.

"ராணிய எறக்குங்களேன்" என்றாள் பொறுக்கமாட்டாமல்.

"எறக்குனா நீ வெட்டிருவியே."

"முன்ன சிரிச்சுக்கிட்டே குடுத்தீங்க."

"அதுவா? பாக்காம வச்சுட்டேன் புள்ள. வெக்கத்துல சிரிச்சேன்."

கொஞ்ச நேரத்தில் அவர் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. சதக்கத்துல்லா பலகையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் இல்லாதப்ப யாருகூட வெளையாண்ட?" குரலில் சின்னதாக ஒரு முள் இருந்தது.

"உங்ககூடத்தான்."

அவர் சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். நல்ல மனிதர், அவர் என்ன செய்வார் பாவம்.

சாலிஹா காய்களைத் திரும்ப அடுக்கி, வெள்ளைச் சிப்பாய் ஒன்றை நகர்த்தினாள். எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். கறுப்புக்கு என்ன ஆடுவது என்று தெரியவில்லை. எந்தக் காயைத் தொட்டாலும் மூலையில் ஒண்டத்தான் தோன்றியது. இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து ஆடியவரை நினைத்து, புருஷன் ஊர் திரும்பியிருக்கிற வீட்டில், அவள் ஏங்கி அழுதாள்.