நாற்காலியில் தொங்கிய கோட்டு

நீடியா வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு கோட்டு தொங்கும். லிஸ்பனில் வெயில் மண்டையைப் பிளக்கும் ஜூலையிலும் தொங்கும். ஆள் கிளம்பிய பிறகும் அது கிளம்பாது. இயக்குநர் வாலதாரெஸ் ஏழு மணிக்கு ஒரு சுற்று வரும்போது மேசை விளக்கு எரியும், கோட்டு தொங்கும், ஆள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போகிறவர் உருப்பட மாட்டார் என்பது அங்கே எழுதாத சட்டம். படித்து, பட்டம் வாங்கி, கழுத்துப்பட்டை கட்டிய பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி பின்படிக்கட்டு வழியாகக் கம்பி நீட்டினார்கள். இதுவும் ஒரு பிழைப்பு!

நீடியா இழப்பீட்டுப் பிரிவின் தலைவி. அவளுடைய சாம்பல் நிறக் கோட்டும் அப்படித் தொங்கியதுதான். நகரத்துக்குள் குடியிருந்தவரை அவளுக்கு அந்தத் தந்திரம் தேவைப்படவில்லை. வீட்டுக்காரர் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறேன் என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அதே தெருவில் வேறு வீடு கேட்டால், வாடகையைக் கேட்டதும் தலை சுற்றியது. ஆற்றைத் தாண்டி பரெய்ரோவுக்குக் குடிபோனார்கள். அன்றிலிருந்து படகு, படகுக்காக ஓட்டம், ஓட்டத்துக்காகப் பின்படிக்கட்டு. கணவன் தெல்மோவுக்கு விமான நிலையத்தில் பிற்பகல் ஷிப்ட். ஆகவே மகள் இரிஸை மழலைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது இவள் பாடு. தினமும் கடைசியாக நிற்கும் குழந்தை இரிஸ்தான்.

"கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ," என்பான் தெல்மோ. "உன் பதவிக்குக் கிடைக்கிற படிப்பணத்தைச் சேர்த்து வச்சா லிஸ்பனுக்கே திரும்பிடலாம்." அவர்கள் சேர்த்ததைவிட வேகமாக லிஸ்பன் வாடகை ஓடியது. அதை அவன் பேசமாட்டான்.

ஒருநாள் இரிஸைச் சிரிக்க வைக்க நீடியா அந்தக் கோட்டுக் கதையைச் சொன்னாள். "அம்மா படகில வந்துடுவேன். என் கோட்டு மட்டும் அங்க உட்கார்ந்து வேலை பார்க்கும். யாருக்கும் தெரியாது!" குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

நவம்பரில் ஒரு மாலை, பனிமூட்டம் ஆற்றை மூடியது. படகு நடு ஆற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வந்தது.

"இரிஸைக் காணோம்," என்றாள் ஆசிரியை. "கோட்டு நாற்காலியில இருந்துச்சு, அதனால உள்ளதான் விளையாடறாள்னு நெனச்சுட்டோம். பெத்தவங்க வரப் போக இருந்தாங்க, வாசல் கேட் திறந்தே இருந்திருக்கு…"

சுற்றிலும் தண்ணீர், வெள்ளைப் புகை, இருமிக்கொண்டிருக்கும் சனங்கள். இறங்கி ஓட இடமில்லை. மகள் தொலைந்துபோயிருக்கிறாள், தாயால் அந்தப் படகில் நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு யார்மேல்தான் கோபம் வரவில்லை? வீட்டுக்காரர், வாலதாரெஸ், தெல்மோ, எல்லோருக்கும் மேலாகத் தன்மேல்.

பள்ளி இருந்தது படகுத்துறைக்குப் பின்தெருவில். படகு கரையை ஒட்டியதும் முண்டியடித்து முதலாவதாகக் குதித்தாள். படகுத்துறை வாசலில் வறுத்த செஸ்ட்நட் கொட்டை விற்கிறவரின் வண்டியருகே, அவருடைய முரட்டு மேலங்கிக்குள் சுருண்டு இரிஸ் நின்றிருந்தாள்.

"அரை மணியா இங்கதான் நிக்குது, அம்மா படகுல வருவாங்கன்னே சொல்லுது," என்றார் அவர். "படகுத்துறை ஆளுங்ககிட்டச் சொல்லியிருக்கேன்."

அள்ளி எடுத்துக்கொண்ட நீடியாவின் காதில் இரிஸ் ரகசியமாகச் சொன்னாள்: "என் கோட்டை நாற்காலியில மாட்டிட்டு வந்தேன்மா. உன்ன மாதிரியே. யாருமே கண்டுபிடிக்கல!" குழந்தையின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, காபி குடிக்கும்போதே நீடியா சொல்லிவிட்டாள். "பிரிவுத் தலைமையை விடப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? அப்போ லிஸ்பன்?"

"லிஸ்பனைச் சுத்திப் பார்க்க வர்றவங்களே வச்சுக்கட்டும். இல்லாத வீட்டுக்கு வாடகை சேர்த்துக்கிட்டே இருக்கோம், இருக்கற வீட்டுக்கு வந்து சேர முடியல. நம்ம ஊரு இதுதான் தெல்மோ. பிடிச்சாலும் பிடிக்காட்டியும்."

தெல்மோ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கூடத்தில் ஆணி அடித்தான். இரண்டு ஆணி, ஒன்று உயரத்தில், ஒன்று குழந்தைக்கு எட்டும்படி.

வாலதாரெஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மேல ஏற வழி கேட்டு இந்த அறைக்கு வந்திருக்காங்க. இறங்க வழி கேட்டு யாரும் வந்ததில்ல. சிரிப்பாங்க, நீடியா."

"சிரிக்கட்டும் சார். சின்னக் குழந்தை இருந்தா வேலை நேரத்தை மாத்திக் கேட்கச் சட்டம் இருக்கு. பதவியை நானாத்தான் குடுக்கறேன். அஞ்சரைக்குக் கிளம்பற உரிமைய நீங்க குடுத்துத்தான் ஆகணும்."

பதவி அதே பிரிவில் இருந்த ஒராசியோவுக்குப் போனது. அவளுடைய மேசை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துக்குப் போனது. புது ஏற்பாட்டின் முதல் நாள், ஐந்தரை அடித்ததும் நீடியா எழுந்து, நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்து உதறினாள். தூசி பறந்தது. ஒராசியோ பதறினான்.

"ஏய், பின்பக்கப் படி இருக்கே!" என்று கிசுகிசுத்தான்.

"இருக்கட்டும். எனக்கு முன்வாசலும் இருக்கு."

வாலதாரெஸின் கண்ணாடி அறை முன்னால் நின்று, "வரேன் சார், நாளைக்குப் பார்க்கலாம்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நடந்தாள்.

ஏழு மணிக்கு அவள் வீட்டில் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரிஸ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வாலதாரெஸ்.

"நீடியா, உங்க நாற்காலி வெறுமனே இருக்கு."

"உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே சார் வந்தேன்."

"போறதைப் பத்தி ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் போறதுதான், எனக்குத் தெரியாதா? எப்பவும் மாதிரி கோட்டை விட்டுட்டுப் போயிருக்கலாமே. பார்க்க நல்லா இல்ல."

இவருக்கு எல்லாம் தெரியும்! இத்தனை நாளும் நெஞ்சு படபடக்கப் படியிறங்கி ஓடியதெல்லாம், காலி நாற்காலி என்று தெரிந்தே சுற்றிவந்த ஒரு மனிதரின் திருப்திக்காக. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கூடத்து ஆணியில் அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது. அதற்குக் கீழே ஒரு குட்டிச் சிவப்புக் கோட்டு.

"சார், என் கோட்டு எங்க வீட்டுல தொங்குது," என்றாள் நீடியா. "ஏன்னா நான் இங்கதான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டு, மகளுக்குச் சூப்பை ஊற்றினாள்.